எட்டால் வகுக்க மறந்தவர்

அலுவலகத்தில் அவருக்கு 'மோடம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியல் மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்கைத் தலைமை அலுவலகத்தோடு இணைக்கும் பழைய செம்புக் கம்பி லைன் அவர் பொறுப்பு. மழை பெய்தால் அது படுத்துக்கொள்ளும். அவர் போய்த் தட்டிக்கொடுத்தால் எழுந்துகொள்ளும்.

மைத்துனனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவரேதான். வம்பை விலைக்கு வாங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். அலுவலகத்துக்கு மட்டும் அதிவேக ஃபைபர் லைன் வந்தது. அது மைத்துனன் கைக்குப் போனது. டீ கொண்டுவருபவர்கூட முதல் கிளாஸை அவன் மேசையில் வைத்தார். வீட்டிலோ மனைவி, "தம்பி வந்து பாத்தப்புறம்தாங்க நம்ம வீட்டு வைஃபை ஒழுங்கா வேலை செய்யுது" என்றாள். மனுஷனுக்கு வயிறு எரிந்தது. பொறாமையேதான், இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது?

ஒரு சனிக்கிழமை மாலை மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். கிடங்குச் சரக்கு விவரமும் படங்களுமாக எழுபத்திரண்டு ஜிபி, திங்கட்கிழமை காலைக்குள் இங்கே வந்தாக வேண்டும்.

"பழைய லைன் இதுக்காவது ஆகுமா? ஆகாதுன்னா எடுத்துடலாம். உங்ககிட்ட இருக்கற சர்வர் ரூம் சாவியையும் மச்சான்கிட்டயே குடுத்துடலாம்."

"நானே வண்டியில போய் டிஸ்க்குல எடுத்துட்டு வந்துடறேன் சார்" என்றான் மைத்துனன்.

மோடத்துக்குச் சுருக்கென்றது. "எதுக்கு? லைன் செகண்டுக்கு ரெண்டு மெகா. எழுபத்திரண்டு ஜிபின்னா எழுபத்திரண்டாயிரம் எம்பி, அதை ரெண்டால வகுத்தா முப்பத்தாறாயிரம் செகண்டு. பத்து மணி நேரம். காலையில வந்து நிக்கும்."

மைத்துனன் வாயைத் திறந்தான். உடனே மூடிக்கொண்டான்.

லைனின் வேகத்தைச் சொல்வது பிட்டில். கோப்பின் அளவைச் சொல்வது பைட்டில். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். வேகத்தை எட்டால் வகுத்த பிறகுதான் மற்ற கணக்கெல்லாம். இதை மறந்த எத்தனையோ பேரை அவரே வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். ஃபைபரில் இந்தத் தப்பு அவ்வளவாக உறைக்காது. பழைய லைனில் பத்து மணி நேரம் எண்பது மணி நேரமாகிவிடும்.

ஞாயிறு காலை அலுவலகத்துக்குப் போய்த் திரையைப் பார்த்தார். முந்தின இரவு ஓடவிட்டதில் எட்டில் ஒரு பங்கைச் சற்றே தாண்டி வந்திருந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த எட்டு ஞாபகம் வந்தது. மைத்துனனுக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்தது. கை போனை எடுத்தது, மனசு விடவில்லை. அவனிடம் போய் நிற்பதைவிடச் சாவியே போய்த் தொலையட்டும் என்று மாலைவரை திரையையே முறைத்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். தம்பியோடு அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன மனைவி அதன் பிறகுதான் வந்தாள், சேலையெல்லாம் புழுதியாக.

திங்கள் காலை, தப்பை ஒப்புக்கொள்ளும் வார்த்தைகளை மென்றுகொண்டே உள்ளே போனவரின் கையை மேலாளர் பிடித்துக் குலுக்கினார்.

"எல்லாம் வந்துடுச்சு. மாமா கணக்கு தப்பாதுன்னு உங்க மச்சானும் சொன்னாரு. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

மைத்துனன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "டிஸ்க்குல கொண்டாந்து என் மேசையிலேருந்து காலையிலயே போட்டுட்டேன் மாமா. லைன்ல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு, யாரும் பாக்குறதுக்குள்ள நிறுத்திடுங்க."

அவன் சிரித்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டானே பாவி.

அன்று இரவு சாப்பிடும்போது மனைவி, "உங்க லைன்தான் ஆபீசையே காப்பாத்துச்சாமே, தம்பி சொன்னான்" என்றாள்.

அவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். "என் லைன் இல்ல. அவன்தான் டிஸ்க்குல கொண்டாந்தான்."

"தெரியும். வண்டியில அவன் பின்னாடி அந்த டிஸ்க்கை மடியில வெச்சுக்கிட்டு வந்ததே நான்தான்."

"அப்புறம் ஏன் நேத்தே சொல்லல?"

"மாமாகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டானே."

தம்பிக்குக் கொடுத்த சத்தியம் என்றதும் எப்படிக் காப்பாற்றியிருக்கிறாள் பாருங்கள் என்று அதற்கும் அவருக்கு வயிறு எரிந்தது.