எர்த் அடிக்கும் வீடு

குன்னம் பக்கம் எங்கள் ஊரில் ஷாக் அடிக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "லேசா எர்த் அடிக்குது" என்பார்கள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் கிரைண்டர் தினமும் எர்த் அடித்தது. அதற்கு மாமியார் கண்ட வைத்தியம், பக்கத்திலேயே கிடந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அதை மாட்டிக்கொண்டுதான் மாவைத் தள்ளிவிட வேண்டும். என்ன பிழைப்பு இது!

அப்போது நான் பெரம்பலூரில் வயரிங் வகுப்பில் சேர்ந்திருந்தேன். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேல?" என்று மாமனார் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும் என்று பஸ் ஏறிவிட்டேன். வகுப்பில் சார் சொன்னார்: "எர்த் யாரையும் அடிக்காதும்மா. மெஷினோட பாடியில கசியிற கரண்ட மண்ணுக்குக் கொண்டுபோயி நம்மளக் காப்பாத்துறதே அந்தப் பச்சை வயருதான்."

வீட்டுக்கு வந்ததும் கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கித் திறந்து பார்த்தேன். பச்சை வயரை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"நாந்தான் வெட்டுனேன்," என்றார் மாமனார் பெருமையாக. "வாங்குனப்பவே எர்த் அடிக்கும்னாங்க. எர்த்தையே எடுத்துட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள், ஈரத் தரையில், வெறுங்காலோடு.

"இத சரி பண்ற வரைக்கும் இந்த வூட்டுல மாவாட்ட முடியாது," என்றேன்.

"அப்ப இட்லிக்கு?"

"இட்லி திங்காட்டி யாரும் செத்துட மாட்டாங்க மாமா."

மாமியார் பாத்திரத்தை நங்கென்று வைத்தார். வைக்கட்டும். சுவரிலிருந்து மண்ணுக்குப் போகும் எர்த் கம்பி நன்றாக இருப்பதை முதலில் பார்த்துக்கொண்டேன். பிறகு பச்சை வயரைச் சீவி, பிளக்கின் பெரிய பின்னில் முடுக்கினேன். மகளை மாமியாரிடம் கொடுத்து, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு சுவிட்சைத் தட்டினேன். என்ன நடக்கும் என்று தெரிந்துதான் தட்டினேன். சொன்னால் நம்புகிற ஆட்களா இவர்கள்?

பட்டென்று பீஸ் போனது. ஃபேன் நின்றது.

"அடிப்பாவி, நல்லா ஓடிட்டு இருந்தத கெடுத்துட்டியே! படிச்ச லட்சணத்தப் பாரு," என்று குதித்தார் மாமனார்.

"நல்லா ஓடலீங்க மாமா. மோட்டாருக்குள்ள வயரு பாடியத் தொட்டுட்டு இருக்கு. இத்தன நாளு அந்தக் கரண்டு, எவ வந்து தொடுவான்னு காத்துட்டு இருந்துச்சு. இப்ப பீஸ் போச்சு. இல்லாட்டி உங்க பேத்தி போயிருப்பா."

அவர் மறுபடியும் வாயைத் திறந்தார். அதற்குள் மாமியார் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"பேசாம இருங்க. அவளுக்கு அந்த ஸ்க்ரூடிரைவர எடுத்துக் குடுங்க."