உரிய வழியாக வந்த மனு

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் விடுதிப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்தேன். முதல் இரண்டு ஆண்டு மாணவர்கள் வளாக விடுதியில்தான் தங்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது விதிகளை எழுதியவன் நான். விலக்கு கேட்கும் மனுவின் மாதிரிப் படிவமும் என் கைவேலைதான். அந்த மனுவை வாசித்து, வரிக்கு ஓர் அறை கன்னத்தில் வாங்கியவனைப் பார்த்த பிறகும் நான் ஓய்வு பெறும் வரை அதே நாற்காலியில்தான் இருந்தேன்.

அவன் குமராட்சிக்காரன். முதலாண்டு. அப்பா நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர். மினி பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வீடு. இருவரும் என் மேசைக்கு வந்தபோது அவன் மேலுதட்டில் இரண்டு தையல் இருந்தது.

"சீனியருங்க அடிக்கிறானுங்க சார். வூட்லேந்தே வந்து படிக்கட்டும்," என்றார் அப்பா.

மனுவைப் புரட்டினேன். காரணம் என்ற கட்டத்தில் 'மூத்த மாணவர்கள் தினமும் அடிப்பதால்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். குறைகள் இரண்டு. மருத்துவச் சான்று இல்லை. விடுதி வழியாக வரவில்லை.

விடுதி வழியாக என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வார்டனுக்கு எந்த மாணவனின் முகமும் தெரியாது. அதனால் மனு எதுவானாலும் அந்தப் பிளாக்கின் மாணவர் பிரதிநிதி முதலில் படித்துக் கையெழுத்திட வேண்டும். பிரதிநிதி இறுதியாண்டு மாணவன். அந்தக் கட்டத்தைப் படிவத்தில் சேர்த்ததும் நான்தான்.

"அவுங்க கையாலதான் கையெழுத்து வாங்கணுமா சார்?" என்றான் பையன்.

'உரிய வழியாக அனுப்புக' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்க மெஸ்ஸுக்குப் போனேன். உள்ளே ஒரே நிசப்தம். நடு மேசைமேல் அவனை நிற்க வைத்திருந்தார்கள். கையில் மனு. பிரதிநிதி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பொருள்லேந்து படி மச்சான். நல்லா எழுதிருக்க."

"விடுதியிலிருந்து விலக்கு கோருதல் தொடர்பாக."

மேசைக்கு அருகில் நின்றவன் எட்டி அறைந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைவிட்டு நிமிரவில்லை.

"தாழ்மையுடன்னு ஒண்ணு வருதே. அத இன்னும் தாழ்மையா படி."

"தாழ்மையுடன் கேட்டுக்கொள்..."

இந்த முறை இடது காதோடு சேர்த்து விழுந்தது. மேசையிலிருந்து சரிந்தான். விழுந்தவனை இருவர் இடுப்பில் உதைத்தார்கள். ஒருவன் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, எவர்சில்வர் தட்டால் முகத்தில் அடித்தான். உதட்டுத் தையல் பிரிந்தது. சோற்றில் ரத்தம் தெறித்தது. நான் எழுதிய வாக்கியங்கள் அவ்வளவு நீளமானவை என்று அன்றுதான் தெரிந்தது.

கத்தினேன். கைகள் நின்றன.

"சும்மா படிக்கச் சொன்னோம் சார்," என்றான் பிரதிநிதி, விரலை நக்கியபடி. "கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி படிச்சிப் பாக்கணுமில்ல?"

முறை தவறாத பதில். பையனின் இடது காதிலிருந்து கழுத்து வழியாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

செவிப்பறை கிழிந்திருந்தது. விசாரணை நடந்தது. அடித்த மூவருக்குப் பதினைந்து நாள் இடைநீக்கம். பிரதிநிதி மனுவிலும் கையெழுத்திட்டான், விசாரணையில் சாட்சியாகவும் கையெழுத்திட்டான்.

ஒரு வாரம் கழித்து அப்பா அரசு மருத்துவரின் சான்றோடு வந்தார். இணைப்பு முழுமை. அன்றே விலக்கு ஆணை தயார்.

"இந்தச் சீட்டுதான் கொறையின்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நானே இவனுக்கு ரெண்டு அற உட்டு இட்டாந்திருப்பேன் சார்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அறையைக் காலி செய்யும் படிவம். அதிலும் பிரதிநிதியின் கையெழுத்துக்கு ஒரு கட்டம். பையன் அதைப் பார்த்தான். அப்பா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடி அங்க அனுப்பணுமா சார்?"

படிவத்தை என் பக்கம் இழுத்தேன். பிரதிநிதியின் கையெழுத்தை நூறு மனுக்களில் பார்த்திருக்கிறேன். நானே போட்டேன். என் பணிக்காலத்தின் ஒரே பொய்க் கையெழுத்து.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. கட்டங்கள் நிரம்பியிருந்தால் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. உதட்டில் தையலோடு அவன் முதல் நாள் என் முன் நின்றபோதும் எனக்கு அது தெரியும்.