அம்மாவின் முகத்தில் அண்ணியின் பல்

அம்மா போய்ப் பத்தே நாளில் அண்ணன் அவளைச் சிரிக்க வைத்துவிட்டான். எழுபத்தொரு வருடம் யாராலும் முடியாத காரியம்.

இரண்டடி உயரப் படம், கூடத்தில் நாற்காலிமேல் சாத்தி வைத்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். கண் அம்மாவுடையது, முறைத்தது. வாய் யாருடையதோ, சிரித்தது. மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு தெத்துப்பல். அந்தப் பல்லை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். அது அண்ணியின் உடைமை.

"அம்மா சிரிச்ச படம் ஒண்ணுகூட இல்லடா. பழைய குரூப் போட்டோல பக்கத்துல நின்ன உங்க அண்ணி வாயை எடுத்து ஸ்டுடியோக்காரர் ஒட்டிட்டாரு. தெரியவே இல்ல பாரு" என்றான், பாராட்டை எதிர்பார்த்து.

அம்மாவும் அண்ணியும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது என்பதை அவன் ஸ்டுடியோக்காரரிடம் சொல்ல மறந்திருக்க வேண்டும்.

"எடு அதை" என்றேன்.

"வர்றவங்க முன்னாடி மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருக்கச் சொல்றியா?"

ஆமாம். அதைத்தான் சொல்கிறேன். அந்த மூஞ்சிக்கு அவள் விலை கொடுத்திருக்கிறாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் லிஃப்ட் ஓட்டினாள். ஐந்து மாடி, கம்பிக் கதவு, உட்கார ஒரு முக்காலி. அந்தச் சிறிய ராஜ்யத்தில் சட்டம் ஒன்றுதான்: ஸ்ட்ரெச்சர் வந்தால் நடக்க முடிந்தவர்கள் இறங்க வேண்டும். ஒருநாள் கண்காணிப்பாளர் இறங்கவில்லை.

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன, நாலாம் மாடி. ஐயாவுக்குக் காலு நல்லா இருக்கு. வெளிய படுத்திருக்கறவருக்கு இல்ல."

அவர் அசையவில்லை. அம்மா முக்காலியில் உட்கார்ந்து அவரை முறைத்தாள். லிஃப்ட்டும் அசையவில்லை. கடைசியில் கனவான் படியேறினார். மறுநாளே அவளைச் சலவைப் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். எட்டு மாதம். வெந்நீர்த் தொட்டி முழங்கை வரை தழும்பு போட்டது. முறைப்பு மட்டும் வெளுக்காமல் லிஃப்ட்டுக்குத் திரும்பியது.

என் மகளைத் தூக்கி வளர்த்ததும் அதே முறைப்புதான். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை முறைப்பாள். பாதரசம் பயந்து இறங்கிவிடும்.

இப்படிப்பட்டவளின் நினைவுக் கூட்டத்துக்கு அந்தக் கண்காணிப்பாளரே தடியூன்றி வந்தார். படத்தைப் பார்த்துத் தைரியம் வந்திருக்க வேண்டும். எழுந்து பேசினார்.

"அந்தம்மா பொறுமையின் சிகரம். ஒருத்தரையும் எதிர்த்துப் பேசினதில்ல. எப்பவும் இதே சிரிப்புதான்."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அண்ணி அடக்கத்துடன் தலைகுனிந்தாள். பாராட்டு அவள் பல்லுக்கு அல்லவா! எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. ஆனால் பரம்பரை வீரனான நான் கையிலிருந்த காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

என் மகள் எழுந்தாள். பெரிய படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். கைப்பையிலிருந்து பாட்டியின் பழைய வேலை அடையாள அட்டையை எடுத்து நாற்காலியில் சாத்தினாள். தபால்தலை அளவுப் படம். முழு முறைப்பு.

"யாருக்கும்மா இது தெரியும்?" என்று அண்ணன் பல்லைக் கடித்தான். தன்னுடையதைத்தான்.

"கிட்ட வந்து பாக்கட்டும் பெரியப்பா."

வந்தார்கள். குனிந்த வேகத்தில் ஒவ்வொருவரும் ஓரடி பின்வாங்கினார்கள். கண்காணிப்பாளரும் குனிந்தார்.  பிறகு, யாரும் ஒதுங்கச் சொல்லாமலே, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டார்.