ஸைம் எடுத்த ஃபில்டர்

போஸ்னியாவில், ஸெனித்சா ஊரில் சாகிபின் உதிரிபாகக் கடைக்கு லாரிக்கார ஸைம் வந்துவிட்டால், ஒரு ஆயில் ஃபில்டர் வாங்குவதற்குள் இரண்டு சுற்று காபி முடிந்துவிடும். ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்ப்பார். ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்துவார். துளை வழியே உள்ளே இருக்கும் தாள் மடிப்பை உற்றுப் பார்ப்பார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் வீட்டு அடுப்பில் காபி கொதித்ததே இல்லை. சாகிபோ, வருபவருக்குக் காபி ஊற்றிக் கொடுக்காமல் வியாபாரமே பேசமாட்டார்.

அன்றும் சாகிப் நல்லதாக ஒன்றை எடுத்து நீட்டினார். "இதை எடுத்துக்கங்கண்ணே. தாள் கெட்டி, வளையம் கசியவே கசியாது. மாட்டிட்டா வருஷம் முழுக்க இந்தப் பக்கமே தலைகாட்ட வேணாம்!"

ஸைம் அதை மடியில் வைத்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். நல்ல சரக்கு எதுவென்று அவருக்குத் தெரியாதா என்ன? கடைசியில் அதைப் பத்திரமாகத் திருப்பி வைத்துவிட்டு, மூலையில் கிடந்த மட்டமானதை எடுத்தார்.

"என்னண்ணே, கிறுக்குப் பிடிச்சிருச்சா? இது மூணு மாசம்கூடத் தாங்காது! மறுபடி வந்து நிக்கணும்!"

"அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்ற ஸைம், காலிக் காபிக் கோப்பையை சாகிப் பக்கம் மெல்ல நகர்த்தினார்.