தலைக்கு நாலு கல்

நான் லிஃப்ட் மெக்கானிக். எடை விஷயத்தில் எனக்குப் பொய் சொல்ல வராது. நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

மலை உச்சியில் பதினோரு வீடுகள். காற்றில் பறக்காமலிருக்க எல்லாக் கூரையிலும் பாறாங்கல். ஊர் முடியும் இடத்தில் நாடும் முடிகிறது. அதற்குக் கீழே அதலபாதாளம். எதிர்ச்சரிவில், சற்றுத் தாழ்வாக, அடுத்த நாட்டின் குக்கிராமம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். எல்லையை மூடியபின் அங்கே ஒரு ஈ காக்கை இல்லை.

இரண்டையும் இணைத்தது ஒரு கயிற்றுப்பாதை. மோட்டார் கிடையாது. கிணற்று ராட்டினம் மாதிரிதான்: ஒரே இரும்புக் கயிறு, இரண்டு முனையிலும் கூடை. ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். அக்கரையிலிருந்து வருகிறவர்கள் கூடையில் ஏறி, ஆளுக்கு ஒரு தரம் மணிக்கயிற்றை இழுப்பார்கள். இங்கே அதை எண்ணி, தலைக்கு நாலு கல் வீதம் நம் கூடையில் ஏற்றி பிரேக்கை விட்டால் போதும். கல் இறங்கும், ஆள் ஏறுவார். என்ன அழகான ஏற்பாடு!

எல்லையை மறுபடி திறக்கப்போவதால் அதைப் பழுதுபார்க்க என்னை அழைத்திருந்தார்கள். அக்கரைச் சக்கரத்துக்கு கிரீஸ் போட, எங்கள் வீட்டிலேயே தங்கி எனக்கு உதவியாக இருக்கும் என் மனைவியின் தம்பி போனான். அவன் இறங்க, காலிக் கூடை என்னிடம் வந்தது. பிரேக் பிடிக்கும் உள்ளூர் அக்கா சிரித்தாள்.

"இந்த ஒடம்புக்கு ரெண்டு கல்லே ஜாஸ்திப்பா."

மாலை 4.40. பனிமூட்டம் எதிர்ச்சரிவை மூடியது. மணி அடித்தது. ஒன்று.

நாலு கல் ஏற்றினேன். அக்கா பிரேக்கை விட்டாள். கூடை அசையவில்லை.

மறுபடி மணி. இரண்டு... மூன்று...

விளையாடுகிறான் என்று நினைத்தேன். அக்கா சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

நாலு... ஐந்து... ஆறு.

எட்டு கல். அசையவில்லை. பதினாறு. சக்கரம் சிக்கியிருக்குமோ என்று கயிற்றைத் தொட்டேன். விண்ணென்று விறைத்திருந்தது.

சிக்கல் இல்லை. எடை.

இருபத்து நாலாவது கல்லை வைத்ததும்...

கிரீச்...

நகர்ந்தது.

என் கை தானாக பிரேக்குக்குப் போனது. அக்கா தட்டிவிட்டாள்.

"பிடிக்காத. நடுவுல நின்னா அவன் அந்தரத்துல தொங்கணும்."

நிறுத்தவும் முடியாது. வராதே என்று சொல்லவும் முடியாது. நின்றேன்.

பனிக்குள்ளிருந்து கூடை வந்தது.

அவன் மட்டும்தான்.

ஒரு மூலையில்... முழங்காலைக் கட்டிக்கொண்டு... மற்றவர்களுக்கு இடம் விட்டதுபோல.

"ஏன்டா அத்தன தடவ அடிச்ச?"

"ஒரு தடவதான் அடிச்சேன், மாமா."

ஓர் ஆள் இறங்கினால் கயிறு தளர்ந்து கூடை இரண்டு விரல் உயரும்.

அவன் இறங்கினான்.

கூடை ஒரு சாண் துள்ளியது.

வீடு திரும்பியபின் அக்கா போனில் சொன்னாள். எல்லையை மூடிய அன்று அவள் தங்கை, தங்கை புருஷன், மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லோரும் அக்கரைக் கூடையில் ஏறி உட்கார்ந்தார்களாம். மணி ஐந்து தரம் அடித்ததாம். இங்கே நின்ற துப்பாக்கிக்காரர்கள் ஒரு கல்லைக்கூடத் தொட விடவில்லை. இருட்டும்வரை அடித்துக்கொண்டே இருந்ததாம். அதற்குப் பிறகு அவர்களை யாரும் பார்க்கவில்லை.

"நல்லாப் பாத்துக்கப்பா" என்றாள். யாரை என்று நான் கேட்கவில்லை.

எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் நாலு பேர் போகலாம். எடை பார்க்கும் சென்சாரை மூன்று முறை மாற்றிவிட்டேன். வேறு யார் ஏறினாலும் ஒழுங்காக வேலை செய்கிறது.

அவன் தனியாக ஏறும்போது மட்டும்... ஒரு மூலைக்கு ஒதுங்கி நிற்கிறான்.

பீப்... பீப்...

ஓவர்லோடு.

கதவு மூடுவதில்லை.