பெரிய மிஸ்ஸுக்கு என்ன பிடிக்கும்?

சின்ன மிஸ் வயதில் பெரிய மிஸ்ஸைவிட ரொம்பவே மூத்தவள். பெரிய மிஸ் பாடம் நடத்துபவள், சின்ன மிஸ் அவளுக்கு உதவியாக இருப்பவள். பள்ளிக்கூடத்தில் யார் பெரிது, யார் சின்னது என்பதெல்லாம் அப்படித்தான் முடிவாகிறது. பெரிய மிஸ் பலகையில் ஒரு எழுத்தை எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். மிச்சமெல்லாம் சின்ன மிஸ் தலையில். பென்சில் சீவ வேண்டும், மூக்குத் துடைக்க வேண்டும், ஷூ லேஸ் கட்ட வேண்டும், பசையை வாயில் வைப்பவனிடமிருந்து டப்பாவைப் பிடுங்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு உடுப்பிலேயே போய்விட்ட பிள்ளையைக் கழுவி, மாற்றுடுப்புப் போட்டு, அழுகையை நிறுத்தி, ஒன்றுமே நடக்காத மாதிரி வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைக்கவும் வேண்டும்.

இதையெல்லாம் அவள் பூப்போல முகத்தை வைத்துக்கொண்டு செய்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளைகள் எதிரில் இருந்தால் குரல் தேனாக இருக்கும். அவர்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் பெரியவர்கள் அத்தனை பேரையும் கரித்துக் கொட்ட ஆரம்பித்துவிடுவாள். காய்ச்சலோடு பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிற அப்பாவிலிருந்து, தண்ணீர் பாட்டிலை மூடாமல் பைக்குள் திணிக்கிற அம்மாவரை ஒருத்தரும் தப்ப முடியாது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய வாரங்களில்தான் அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறும். ஏனென்றால் அப்போதுதான் அம்மாக்களுக்கு அவள்மேல் திடீர்ப் பாசம் பொங்கும். வாசலில் ஓரமாகக் கூப்பிட்டு, தோளைத் தொட்டு, குரலைத் தணித்து, "மிஸ், பெரிய மிஸ்ஸுக்கு என்ன பிடிக்கும்?" என்பார்கள். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று இத்தனை வருடத்தில் ஒருத்தியும் கேட்டதில்லை. வந்துபோன பெரிய மிஸ்கள் எல்லோருடைய ருசியும் சின்ன மிஸ்ஸுக்கு அத்துப்படி. ஒருத்திக்குப் பூந்தொட்டி, ஒருத்திக்குக் கம்பளிப் போர்வை, இன்னொருத்திக்கு நல்ல பேனா. அவள் சொன்னதை அம்மாக்கள் வாங்குவார்கள். பெரிய மிஸ் பிரித்துப் பார்த்து, "எப்படிங்க கரெக்டா கண்டுபிடிச்சீங்க!" என்று பூரித்துப் போவாள். சின்ன மிஸ்ஸுக்கு, கடைசி நிமிடத்தில் ஞாபகம் வந்து வாங்கிய சோப்புப் பெட்டி கிடைக்கும். தவறினால் துண்டு. ஒரு வருடம் வழுக்காத கால்மிதி.

"சோப்புச் செலவு நமக்கு மிச்சம்தானே," என்று சிரிப்பார் அவள் கணவர். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், யாரோடும் மோதாத ஆள்.

"அவங்க பிள்ளைங்களைக் கழுவுற கைக்கு சோப்பு போதும்னு நினைக்கிறாங்க," என்பாள் இவள்.

"விடேன். எதுக்கு சண்டை?"

"நான் எங்க சண்டை போட்டேன்? மனசுக்குள்ளதான போடுறேன்."

இந்த வருடம் மனசுக்குள் போட்டது போதாமல் போயிற்று. டிசம்பர் தொடங்கியதுமே விளையாட்டு மைதானத்தில் ஒரு பையன் ஏணியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான். பெரிய மிஸ் அப்போது சுவரோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். சின்ன மிஸ் மைதானத்திலேயே இல்லை. வயிறு சரியில்லாமல் பாவாடையை நனைத்துவிட்ட ஒரு சிறுமியைப் பாத்ரூமில் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்," என்று விக்கி விக்கி அழுதது. "சொல்லவே மாட்டேன்டா கண்ணு," என்று சத்தியம் செய்து கொடுத்தாள். சும்மா ஒன்றும் பயப்படவில்லை அந்தப் பிள்ளை. போன வருடம் இதே மாதிரி ஒரு பையனுக்கு நடந்தபோது, பெரிய மிஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். அவனுக்கு வந்து ஒட்டிய பட்டப்பெயர், அவன் வேறு பள்ளிக்கூடம் போகும்வரை போகவில்லை.

அன்று சாயங்காலமே பெரிய மிஸ், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி தலைமையாசிரியை அறையில் போய், "அந்த நேரம் பிள்ளைங்களைப் பாத்துக்க வேண்டியது அவங்கதான் மேடம். எங்க போனாங்கன்னே தெரியல," என்று சொல்லிவிட்டாள்.

சின்ன மிஸ்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ஒரு பிள்ளையைக் கழுவிக்கிட்டிருந்தேன்," என்றாள்.

"எந்தப் பிள்ளை?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மிஸ் கேட்டாள். "என்கிட்ட யாரும் சொல்லலையே?"

பெரிய மிஸ்ஸிடம் பெயரைச் சொன்னால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. சின்ன மிஸ் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். தலைமையாசிரியை பெருமூச்சு விட்டு, "அந்தப் பிள்ளையோட அம்மாவாவது வந்து சொல்லட்டும். இல்லேன்னா லீவு முடிஞ்சதும் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்," என்றார். முடிவு என்றால் என்னவென்று சின்ன மிஸ்ஸுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த வயதில் இன்னொரு பள்ளிக்கூடம் அவளைச் சேர்க்காது. அதைவிட, அந்தக் குட்டி நாற்காலிகளையும் உயரம் குறைந்த வாஷ்பேசினையும் விட்டால் அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

அந்தச் சிறுமியின் அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். ஈரப் பாவாடையைப் பையில் போட்டு அவள் கையிலேயே கொடுத்திருந்ததால் எல்லாம் அவளுக்குத் தெரியும். சின்ன மிஸ் அவளை வாசலில் பிடித்துக் கேட்டாள். "நீங்க மேடம்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"சொல்றேன் மிஸ். ரிப்போர்ட் கார்டு வந்துடட்டும். இப்ப சொன்னா பெரிய மிஸ் கோபத்தை என் பொண்ணு மேல காட்டுவாங்க."

ரிப்போர்ட் கார்டு வந்தது. மருந்துக்கடைக்காரி வேறு கேட் வழியாக வர ஆரம்பித்தாள்.

இந்த வயிற்றெரிச்சலில் சின்ன மிஸ் இருந்தபோதுதான் வழக்கம்போல அம்மாக்கள் வந்தார்கள். தோளைத் தொட்டார்கள். "மிஸ், பெரிய மிஸ்ஸுக்கு என்ன பிடிக்கும்?"

பெரிய மிஸ்ஸுக்கு உலகத்தில் பிடிக்காத பொருள் ஒன்று உண்டு. 'பெஸ்ட் டீச்சர்' என்று எழுதிய காபிக் கோப்பை. முந்தைய பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் அதையே கொடுத்துக் கொன்றுவிட்டார்களாம். "இன்னொரு கோப்பை என் கண்ல பட்டா ஜன்னல் வழியா எறிஞ்சுடுவேன்," என்று அவளே பல்லைக் கடித்துச் சொல்லியிருக்கிறாள். இத்தனை நாள் அம்மாக்களைக் கோப்பைக் கடைப் பக்கமே போகவிடாமல் காப்பாற்றி வந்தது சின்ன மிஸ்தான்.

"காபிக் கோப்பை," என்றாள் முதல் அம்மாவிடம். "பெஸ்ட் டீச்சர்னு எழுதியிருக்கணும். அதுல அவங்களுக்கு அப்படி ஒரு ஆசை. ஆனா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன்."

அடுத்த அம்மாவிடமும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளிடமும். எப்போதும் எல்லாவற்றையும் குரூப்பில் போட்டுப் போனைச் சூடாக்குகிற அம்மாக்கள், இந்த ரகசியம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்ற மிதப்பில் மூச்சுக் காட்டவில்லை. எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு போய்க் கோப்பை வாங்கினார்கள். சின்ன மிஸ்ஸுக்கு எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்று சாப்பாடு இறங்கியது.

இதற்கிடையில் குரூப்புக்குத் தலைவியான அம்மா ஒருநாள் அவளைப் பார்த்துக் கண்ணடித்தாள். நகை போட்ட கை, நாட்டையே நடத்துகிற நடை. "இந்த வருஷம் உங்களுக்கு சோப்பு இல்ல மிஸ். எல்லாரும் சேர்ந்து பெருசா வாங்கியிருக்கோம்."

சின்ன மிஸ் உருகிப் போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். வெட்கக்கேடு, ஆனால் உண்மை. நடந்தது அம்மாக்களுக்குத் தெரிந்துவிட்டது, நம் பக்கம் நிற்கிறார்கள், லீவு முடிந்ததும் தலைமையாசிரியையிடம் போய்ப் பேசுவார்கள் என்று அவளே கோட்டை கட்டினாள். வீட்டுக்குப் போய்க் கணவரிடம், "மனுஷங்க அவ்வளவு மோசமில்லீங்க," என்றாள். அவர் டார்ச் லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவர், உடம்பு சரியில்லையா என்பதுபோல நிமிர்ந்து பார்த்தார்.

கடைசி நாள். குட்டி நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு அம்மாக்களும் பிள்ளைகளும் நின்றார்கள். தலைமையாசிரியையும் வந்திருந்தார். பெரிய மிஸ் முதல் பொட்டலத்தைப் பிரித்தாள். கோப்பை. சிரித்தாள். அடுத்தது கோப்பை. மூன்றாவதைத் தொட்டுப் பார்த்ததுமே அவள் முகம் விழுந்துவிட்டது. அம்மாக்கள் ஒருத்தியை ஒருத்தி முறைத்தார்கள். தன் ரகசியத்தை மற்றவள் திருடிவிட்டாள் என்று ஒவ்வொருத்திக்கும் ஆத்திரம். மேஜை நிறைய 'பெஸ்ட் டீச்சர்' அணிவகுத்து நின்றபோது பெரிய மிஸ்ஸின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவள் பார்வை நேராகச் சின்ன மிஸ்ஸிடம் வந்தது. சின்ன மிஸ் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

"இப்ப நம்ம சின்ன மிஸ்ஸுக்கு!" என்று தலைவி கைதட்டினாள். இரண்டு அம்மாக்கள் வெளியே போய் உருட்டிக்கொண்டு வந்தார்கள். சிவப்பு ரிப்பன் கட்டிய, பளபளவென்ற ஒரு பெரிய சக்கரப் பெட்டி. ஊருக்குப் போகிறவர்கள் இழுத்துக்கொண்டு போவார்களே, அது.

சின்ன மிஸ்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் வாழ்க்கையில் பெட்டி கட்டி எங்கேயும் போனதில்லை. "எனக்கு எதுக்கும்மா பெட்டி?"

"என்ன மிஸ் இப்படிக் கேக்குறீங்க? லீவோட நீங்க வேலையை விட்டுப் போறீங்கல்ல? உங்களுக்கு என்ன பிடிக்கும்னு பெரிய மிஸ்ஸைத்தான் கேட்டோம். அவங்கதான் எல்லாம் சொன்னாங்க. ஊர் ஊராப் போகணும்னு உங்களுக்கு ஆசையாமே, பெட்டி வாங்கிக் கொடுத்தா சந்தோஷப்படுவாங்கன்னு."

வகுப்பு முழுவதும் கைதட்டியது. பெரிய மிஸ் கோப்பைகளுக்குப் பின்னால் நின்று மெல்லச் சிரித்தாள். இவள் கோப்பையில் குழிபறித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் இவளுடைய வேலைக்கே குழிபறித்து முடித்திருந்தாள். முடிவு என்று ஒன்று வருவதற்கு முன்னாலேயே சின்ன மிஸ்ஸைப் பெட்டி படுக்கையோடு அனுப்பிவிட்டாள், அதுவும் ரிப்பன் கட்டி.

சின்ன மிஸ் பெட்டியின் கைப்பிடியை விட்டாள். இத்தனை வருடம் மனசுக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்த சண்டை வெளியே வந்தது.

"நான் எங்கேயும் போகல. போறேன்னு யார்கிட்டயும் சொல்லவும் இல்ல." பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "அந்தப் பையன் விழுந்தப்ப நான் எங்க இருந்தேன்னு இந்த ரூம்ல நிக்கிற ஒரு அம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சும் இந்தப் பெட்டிக்குப் பங்கு போட்டிருக்காங்க."

அவள் யார் பக்கமும் பார்க்கவில்லை. பார்க்கவும் தேவையில்லை. தலைமையாசிரியை, "யாரும்மா அது?" என்றார். அம்மாக்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். வேண்டுமென்றேதான் அந்த மௌனத்தை நீளவிட்டாள் சின்ன மிஸ். மருந்துக்கடைக்காரி மகளின் காலரை நேராக்கினாள், பிறகு தலைமுடியை ஒதுக்கினாள், பிறகு செய்ய வேறொன்றும் இல்லாமல் போனது.

"நான்தான்!" என்று கத்தினாள். "என் பொண்ணு பாவாடையிலேயே போயிட்டா. இவங்க அவளைக் கழுவிக்கிட்டிருந்தாங்க. போதுமா? எல்லார் முன்னாடியும் சொல்ல வெச்சுட்டீங்கல்ல, இப்ப திருப்தியா உங்களுக்கு?"

தலைமையாசிரியை பெரிய மிஸ்ஸைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை. பிறகு சின்ன மிஸ்ஸிடம் வந்து, "லீவு முடிஞ்சதும் வழக்கம்போல வந்துடுங்க," என்றார்.

ஜெயித்துவிட்டாள். அவள் அதைக் கேட்டாளா என்பதே சந்தேகம். பின்வரிசையில் ஒரு பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு "ச்சீ" என்றான். இன்னொருவன் சிரித்தான். அந்தப் பிள்ளை அவர்கள் பக்கம் பார்க்கவே இல்லை. சின்ன மிஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தது.

சின்ன மிஸ் அவள் முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கன்னத்தைத் துடைக்கக் கையை நீட்டினாள்.

"நான் சொல்லலடா கண்ணு," என்றாள். அது உண்மைதான்.

குழந்தை அவள் கையைத் தட்டிவிட்டது.