கை தெரியாத வீடியோ

சூரிய கிரகணத்தன்று பசுமலையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது. போனேன். கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. ஏதோ ஓர் ஊரில் தாம்பாளத் தண்ணீருக்குள் உலக்கை செங்குத்தாக நிற்க, பெண்கள் சுற்றி நின்று கும்பிட்டார்கள். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் உலக்கை தானாகவே நிற்கிறது என்றார் செய்தி வாசிப்பவர். திரையின் கீழே ‘விஞ்ஞான அதிசயம்’ என்று எழுத்து ஓடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன் நான்.

அக்கா வீட்டிலும் தாம்பாளத் தண்ணீரில் ஓர் உலக்கை நின்றது. அக்கா வீட்டுக்காரர், அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அதைத் திருவாதவூர் சொந்தக்காரர் வீட்டிலிருந்து காரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான் போவதற்கு முன்பே நிறுத்தி, செல்போனில் படம்பிடித்து, தெருவின் வாட்ஸப் குழுவிலும் போட்டாயிற்று. அக்கம்பக்கத்தார் வந்து எட்ட நின்று கும்பிட்டார்கள்.

“பாத்தியா மாப்ள? உங்க சயின்ஸு இதுக்கு என்ன சொல்லுது?”

“அடியில இருக்குற இரும்புப் பூண் தட்டையா இருக்கு மச்சான். நேரா வச்சா என்னைக்கும் நிக்கும்.”

“என்னைக்குமா? அம்புட்டுத் தெரிஞ்சவன் இன்னொரு நாளு நிறுத்திக் காட்டு, பாப்போம்.”

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியாமல்தான், கிரகணமெல்லாம் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே போனேன். அதே தாம்பாளம், அதே உலக்கை. பக்கத்து வீட்டுக்காரர்களை மச்சானே கூப்பிட்டு உட்காரவைத்தார். உலக்கை முதலில் இந்தப் பக்கம் சாய்ந்தது, பிறகு அந்தப் பக்கம். அவர் முகத்தில் சிரிப்பு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல விரல்களை எடுத்தேன். நின்றது. ஆடாமல் அசையாமல் நின்றது.

 பக்கத்து வீட்டம்மா எழுந்து, “அடுப்புல பால் இருக்கு” என்று போய்விட்டார்.

மச்சான் நிதானமாகச் சொன்னார்: “இது நீ நிறுத்துனது. அன்னைக்கு அதுவா நின்னுச்சு.”

“அன்னைக்கும் யாரோ ஒருத்தர் நிறுத்துனதுதான?”

“வீடியோவப் பாரு.”

பார்த்தேன். உலக்கை நிற்கிறது, தண்ணீர் பளபளக்கிறது, பின்னால் மணிச் சத்தம். கை எதுவும் இல்லை. நிறுத்திய கை விலகிய பிறகுதான் வீடியோ தொடங்குகிறது.

அன்றிலிருந்து என்னைக் குடைவது இதுதான். அந்த வீடியோவில் ஒரு பொய்யும் இல்லை. ஒவ்வொரு நொடியும் உண்மையில் நடந்தது. எங்கே தொடங்குவது என்பதில் மட்டும் ஒருவர் கைவைத்திருக்கிறார். பொய்யை மறுக்க எனக்குத் தெரியும். வெட்டப்பட்ட உண்மையை எப்படி மறுப்பது? நாள் முழுக்க செல்போனில் வந்து விழுகிற அதிசயங்கள், பெருமைகள், குற்றச்சாட்டுகள் எல்லாமே இப்படிக் கை விலகிய பிறகு தொடங்கியவைதான் என்று தோன்றியபோது பயம் வரவில்லை, வெறுப்புதான் வந்தது. பார்க்கிறவர்கள் ஏமாறவில்லை. முந்தைய நொடி அவர்களுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

அன்று கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

“சந்தோசமாடா? நாலு பேரு முன்னாடி அவர அசிங்கப்படுத்தியாச்சு.”

“அவரு சொன்னது பொய்க்கா.”

“எனக்குத் தெரியாதா? அன்னைக்கு அவருக்கு நிக்கவே இல்ல. வேர்த்து ஊத்துது மனுசனுக்கு. நான்தான் புடிச்சு நிறுத்துனேன். ‘நீ தள்ளு’ன்னுட்டு அப்புறந்தான் படம் எடுத்தாரு.”

 “இத ஏன் உள்ள சொல்லல?”

“சொல்லிட்டு? நீ ஜெயிச்சுட்டு உன் வீட்டுக்குப் போயிருவ. இந்த வீட்டுல நான்தான் இருக்கணும்.”

கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். அவள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நம்புகிறவரைக்கூட மன்னித்துவிடலாம், தெரிந்துகொண்டே நம்புகிறவர்களுக்குக் காவல் நிற்கிறவளை எப்படி மன்னிப்பது என்றுதான் வீடு வந்து சேரும்வரை மனதுக்குள் அவளோடு சண்டை போட்டேன்.

அந்த வாரமே மச்சான் என்னைக் குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கினார். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பொங்கலுக்குப் போனபோது டிவியில் வேறு ஏதோ அதிசயம் ஓடியது. மச்சான் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார். அக்கா இருவருக்கும் காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.